தெரிந்தும் சும்மா இருந்தது

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. டிரைவர், கண்டக்டர், கழிப்பறை வாசலில் சில்லறை வாங்குகிறவர், மாடியில் இருக்கிற மேலதிகாரி, யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், தூங்கி வழிகிற கூட்டம்கூட ஒரு நொடி நிமிர்ந்து உட்காரும். அவள் வார்த்தைகளை விழுங்க மாட்டாள். 'ழ'வை 'ழ'வாகச் சொல்வாள். குரலைத் தெரிந்த ஆயிரம் பேரில் முகத்தைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம்.

அவள் அறை முதல் மாடியில் படிக்கட்டை ஒட்டி இருந்தது. ஒரு மைக், சூடேறினால் ஊமையாகிவிடுகிற பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு பக்கம் சாய்கிற சுழல் நாற்காலி, நடைமேடைகளைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி. கண்ணாடியின் கீழ்ப்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எந்த வண்டி தாமதம், எந்த வண்டி எந்த நடைமேடைக்கு மாறுகிறது என்று எழுதிய சீட்டை டைம் கீப்பர் படியேறி வந்து, கண்ணாடிக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று அந்த ஓட்டை வழியாக நீட்டுவார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த அந்த மனிதருக்கு எதைக் கண்டாலும் எரிச்சல். "நாலாம் நம்பர் மறுபடியும் படுத்துடுச்சு. சொல்லித் தொலைங்க" என்பார். அவரோடு பேசும் அந்த ஒன்றிரண்டு வார்த்தைகளைக் கழித்துவிட்டால், சில நாட்களில் அவள் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இருக்காது. காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் பேசிவிட்டு, வாய் வலிக்க வீட்டுக்குப் போவாள். யாரிடம் பேசினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாற்பதைத் தொடுவதற்கு முன்பே அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. சர்க்கரை கிடையாது, குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. காரணம் கேட்டால் டாக்டர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது அவளுக்குக் கணவன் இருந்தான். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை யாராவது துணைக்கு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மாதத்திலிருந்து அவனுக்கு வெளியூரில் அவசர வேலைகள் முளைக்க ஆரம்பித்தன. அப்படிப் போன ஒரு வேலையில் அங்கேயே தங்கிவிட்டான். அவள் தேடிப் போகவில்லை. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு, துணைக்கு யாரும் இல்லாமல், அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்துப் பழகிக்கொண்டாள்.

சிறுநீரகம் கொடுத்தது தம்பி.

அக்காவும் தம்பியும் பாசமலர்களாக இருந்தவர்கள் இல்லை. சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையும். அவன் குளிர்பதனக் கிடங்குகளில் எந்திரம் பழுது பார்க்கிறவன். நாலு மணிநேரப் பயணத் தூரத்தில் மனைவி, பெண் குழந்தையோடு இருந்தான். வந்தால் வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். அம்மாவின் தையல் மெஷினை யாரைக் கேட்டு விற்றாய் என்பாள் இவள். மழையில் துருப்பிடிக்க விட்டவள் பேசாதே என்பான் அவன். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்குக்கூட இருவரும் ஒரு மணிநேரம் மல்லுக்கட்டுவார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போவான். அடுத்த மாதம் ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்பான்.

அப்படி ஒரு நாள் வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"டெஸ்ட் எடுத்துட்டேன். பொருந்துதாம்."

"என்ன டெஸ்ட்?"

"கிட்னி. பாதி பொருந்துது, போதும்னாங்க."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"ஏன், என் கையில ஊசி குத்திக்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

அன்றைக்கும் சண்டைதான். வேண்டாம் என்று அவளும், உன் பேச்சை யார் கேட்டது என்று அவனும். அதற்குப் பிறகு வெகுநாள் அவர்களுக்குள் சண்டையே இருக்காது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அடிவயிற்றில் வலது பக்கம் தம்பியின் சிறுநீரகத்தை வைத்துத் தைத்தார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை, அவை பாட்டுக்கு இருந்தன. "மூணு வச்சிருக்கேன், வேலை செய்யறது ஒண்ணுதான். நம்ம ஆபீஸ் மாதிரி" என்று டைம் கீப்பரிடம் அவள் சொன்னபோது, அந்த மனிதர் சிரித்ததை முதல் முறையாகப் பார்த்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு தம்பியிடம் குரலை உயர்த்த அவளால் முடியவில்லை. அவன் விசிறியை வேகமாக வைத்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவன் எதைச் சொன்னாலும் "சரிப்பா", "நல்லதுப்பா". உடம்பிலிருந்து ஓர் உறுப்பை அறுத்துக் கொடுத்தவனிடம் தையல் மெஷினைப் பற்றி எப்படிக் கேட்பது? அவனும் இரண்டு தடவை சீண்டிப் பார்த்தான். இவள் பதில் கொடுக்காததைக் கண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினான். மாதா மாதம் வந்தவன் பண்டிகைக்குப் பண்டிகை வந்தான். பிறகு அதுவும் நின்றது.

அவனுக்குப் பதிலாக அவன் மனைவி மாதம் ஒரு முறை போன் செய்வாள். ரத்தப் பரிசோதனை முடிந்த மறுநாள் சரியாக மணி அடிக்கும்.

"நம்பர் என்ன, அண்ணி?"

கிரியேட்டினின் அளவைத்தான் கேட்கிறாள். சிறுநீரகம் கழிவை எவ்வளவு ஒழுங்காக வெளியேற்றுகிறது என்று காட்டுகிற எண் அது; குறைவாக இருந்தால் நல்லது, ஏறினால் ஆபத்து. "ஒண்ணு புள்ளி ரெண்டும்மா" என்பாள் இவள். "சரி அண்ணி" என்று வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கணவனுடைய சொத்து ஒன்று வேறு வீட்டில் இருக்கிறது. அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறாள். அப்படித்தான் மைக்கம்மா நினைத்துக்கொண்டாள்.

மற்ற உறவுக்காரர்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள். கூட்டத்துக்குப் போகக் கூடாது, வெளியில் சாப்பிடக் கூடாது, சளி பிடித்தவர் பக்கம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். கல்யாணம் முடிந்த பிறகு யாராவது போட்டோ அனுப்பி, "உனக்கு ஒத்துக்காதேன்னுதான் கூப்பிடலை" என்பார்கள். போக மாட்டாள்தான். கூப்பிட்டிருக்கலாம்.

பல் வலிக்க ஆரம்பித்தது மழை தொடங்கிய சமயத்தில். கீழ்த்தாடையில், இடது கோடியில் உள்ள கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. பிறகு படுத்தால் விண்விண்ணென்று தெறித்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டாள். வலி மாத்திரை போடக் கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் வழியில்லை, வலிப்பதே பல்.

உடம்பில் எங்கே என்ன நோவு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவளும் ஒரு முறை சொன்னவள்தான். முன்பு லேசாக உடம்பு சுட்டபோது போன் செய்தாள். உடனே படுக்க வைத்து, தம்பியை வரவழைத்து, ஒரு வாரத்துக்கு மேல் சோதனைகள் செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். தம்பி அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகவில்லை. அவன் மனைவி போனில், "ஒண்ணும் இல்லைன்னு வந்தா சந்தோஷம்தான் அண்ணி" என்று சொன்ன விதம் அவள் காதிலேயே இருந்தது. இப்போது ஒரு சொத்தைப் பல்லுக்காக மறுபடியும் எல்லோரையும் ஓட வைப்பதா? பல்தானே, வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலை மாத்திரை, மாலை மாத்திரை இரண்டையும் மட்டும் கடிகாரம் பார்த்து விழுங்கினாள். அதில் அவள் ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த மாதம் எண் ஏறியிருந்தது. ஒன்று புள்ளி எட்டு.

வெளிநோயாளிப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் சார்."

"ஒரு வேளைகூட விடலையா?"

"விடலை."

"மறந்திருப்பீங்க. தனியா இருக்கறவங்க மறக்கறது சகஜம்தான். உண்மையைச் சொன்னா நாங்க திட்ட மாட்டோம்."

அதற்குள் நர்ஸ் வந்து அதையே கேட்டாள். உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவில் விவரம் கேட்கிற பெண் கொஞ்சம் இனிமையாக அதையே கேட்டாள். மூன்றாவது முறையும் "விடலை" என்றுதான் சொன்னாள் மைக்கம்மா. திருடாதவளைச் சோதனை போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறோம், நாளை வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். நம்பாதவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீங்கிய கன்னத்தை அது நன்றாகவே மறைத்திருந்தது.

மறுநாள் காலை போன் அடித்தது.

"நம்பர் என்ன, அண்ணி?"

மைக்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு புள்ளி ரெண்டும்மா."

"சரி அண்ணி."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், அரை நாள் வேலையை முடித்துவிட்டு லீவு சொல்லிப் போகலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனாள். மைக்கைப் போட்டு நாலைந்து அறிவிப்புகள் சொல்லியிருப்பாள். டைம் கீப்பர் படியேறி வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். கையில் சீட்டு எதுவும் இல்லை.

"என்ன சார், எந்த வண்டி?"

"வண்டி எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்ன?"

"ஒரு வாரமா 'ழ' வரலை. இன்னைக்கு 'ச'வும் போச்சு. வாயில எதையோ அடக்கிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. கீழ ஒருத்தன் என்னைக் கேக்கறான், மைக்கம்மா குடிக்க ஆரம்பிச்சுட்டாங்களான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் திறந்ததும் வலி மண்டைக்கு ஏறியது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

"பல்லா? ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

அவள் மைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு" என்றார். "ஊருக்கே எது எந்த நேரத்துக்கு வரும்னு சொல்றீங்க. உங்க விஷயத்தை எவன்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. எழுந்திருங்க. நானே கொண்டுபோய் விடறேன்."

வழி முழுக்கப் போக்குவரத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில், நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். யாரும் இல்லை என்றாள் மைக்கம்மா. தம்பி என்று ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறதே என்றாள் நர்ஸ். "அவன் ஊர்ல இல்லை." டைம் கீப்பர் பேனாவை வாங்கி, 'உறவு' என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வருகைப் பதிவேட்டில் போடுவது போல அவ்வளவு சாதாரணமாகப் போட்டார். பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு நூல் கனத்துக்குச் சதை எடுத்தார்கள். ரத்தம் கசியாமல் இருக்க, வயிற்றின் மேல் மணல் மூட்டையை வைத்து, அசையாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். தொற்று பரவாமல் இருக்கத் தனி அறை. சுவரில் ஒரு சுவிட்ச் பலகை, ஒரு வாஷ்பேசின், திறக்க முடியாத ஜன்னல். வாசலில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பினாள். தண்ணீர் வேண்டும் என்று மணியை அழுத்தப் போய், நர்ஸுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

முடிவுகள் வந்ததும் பெரிய டாக்டரே வந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க ரத்தத்துல மருந்து அளவு கச்சிதமா இருக்கு. நீங்க மாத்திரையை விடலை. விட்டிருப்பீங்கன்னு எங்க ஆளுங்க கேட்டது தப்பு."

அவ்வளவு பெரிய டாக்டர் அப்படிச் சொன்னதும் மைக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்க்காதவர் போல அவர் தொடர்ந்தார்.

"ஆனா உடம்பு கிட்னியை எதிர்க்க ஆரம்பிச்சிருக்கு. எடுத்த சதையில டி செல் கூட்டமா புகுந்திருக்கு. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்ல அது ஒரு வகை. எது நம்மளோடது, எது வெளியிலேருந்து வந்ததுன்னு பார்த்து, வந்ததைத் தாக்கறது அதோட வேலை."

"இத்தனை நாள் ஏன் தாக்கலை டாக்டர்? மருந்தாலயா?"

"மருந்து ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்கு. டி செல்லுக்கு அந்நியப் பொருளோட அடையாளத்தை மட்டும் காட்டினா அது கிளம்பாது. கூடவே, இங்க ஆபத்துன்னு இன்னொரு செய்தியும் போகணும். அந்த ரெண்டாவது செய்தி அழற்சியிலேருந்துதான் வருது. ஒரு இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்குதே, அதுக்குப் பேருதான் அழற்சி. அது இல்லாதப்ப டி செல் அடையாளத்தைப் பார்த்தும் பேசாம போயிடும். பார்த்துப் பார்த்து மரத்தும் போயிடும். மத்த டி செல்லை அடக்கி வைக்கறதுக்குன்னே ஒரு வகை டி செல்லும் உண்டு. சாதாரண நேரத்துல அதுங்க பேச்சு எடுபடும்."

"இப்ப?"

"வாயைத் திறங்க, பார்ப்போம்."

திறந்தாள். டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு சீழ் வச்சுக்கிட்டு எப்படிம்மா பொறுத்தீங்க? பல்லுக்கு அடியில கிருமி. அதை விரட்ட உடம்பு அழற்சியை மூட்டியிருக்கு. அது தப்பில்லை, அது இல்லைன்னா கிருமி மூளைவரைக்கும் ஏறும். ஆனா அந்தச் செய்தி தாடையோட நிக்காது, ரத்தத்துல உடம்பு பூரா சுத்தும். தூங்கிட்டிருந்த டி செல் முழிச்சுக்கும். அடக்கி வைக்கற கூட்டத்தோட பேச்சு அந்த நேரத்துல எடுபடாது. முழிச்சது நாலு பக்கமும் பார்க்கும், கண்ணுல கிட்னி படும். பல்லுதான் காரணம்னு நூறு சதவீதம் என்னால சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் தோணுது."

மைக்கம்மா தலையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்ப... இது என் தம்பியோடதுன்னு என் உடம்புக்கு எப்பவுமே தெரியுமா?"

"தெரியும். ஒரு நாளும் மறக்காது. தெரிஞ்சும் சும்மா இருந்தது, அவ்வளவுதான்."

டாக்டர் போன பிறகும் அந்த வார்த்தை அறையில் இருந்தது. பொருந்திவிட்டது, சேர்ந்துவிட்டது, இனி உன்னுடையது என்று எத்தனை பேர் சொன்னார்கள். சேரவே இல்லை, உடம்பு விட்டு வைத்திருந்தது. அவளுக்கு வருத்தமாக இல்லை, வியப்பாகத்தான் இருந்தது. அடிவயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தாள். தைத்த இடத்தைத் தொட்டால் கொஞ்சம் வலித்தது.

பல்லைப் பிடுங்கினார்கள். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். பிறகு அழற்சியையும் டி செல்களையும் ஒரேயடியாக அடக்க, ஸ்டீராய்டைப் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். வாயெல்லாம் இரும்புத் துருவின் ருசி. முகம் கதகதவென்று எரிந்தது. கண்மண் தெரியாமல் பசித்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். தட்டில் சோறு குறைவாக இருந்ததற்கு அழுதாள். மருந்து அப்படித்தான் செய்யும் என்றாள் நர்ஸ்.

தம்பிக்குத் தெரிந்தது தற்செயலாக. சிறுநீரகம் கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒரு முறை வந்து உடம்பைக் காட்ட வேண்டும். அவனுக்கு நினைவூட்டப் போன் செய்த ஆஸ்பத்திரிப் பெண், பேச்சுவாக்கில், "அக்கா அட்மிட் ஆகியிருக்காங்களே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மத்தியானம் கதவு திறந்தது. முகக்கவசமும் தலைக்கு உறையும் போட்டுக்கொண்டு அவன் நின்றான். கையில் வேலைப் பையே இருந்தது. வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறான்.

"வாப்பா" என்றாள் அவள். "எதுக்கு இவ்வளவு தூரம்? ஒண்ணும் இல்லை, நல்லாத்தான்—"

"போதும் நிறுத்து. ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு அவகிட்டப் பொய் சொல்லியிருக்க."

"சொல்லி என்ன ஆகப் போகுது? நீ வேலையை விட்டுட்டு ஓடி வரணும்."

"வந்தா என்ன?"

"ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டா உன் பொண்டாட்டி..."

"அவளை ஏன் இழுக்கற? உன்கிட்டப் பேச வேற என்ன இருக்கு அவளுக்கு? எதைக் கேட்டாலும் 'சரிம்மா'ங்கற. அந்த நம்பர் ஒண்ணுக்குத்தான் உன்கிட்டேருந்து பதில் வருது, அதனால அதைக் கேக்கறா."

அவளுக்குள் மருந்தின் சூடு குப்பென்று ஏறியது.

"சரி, கணக்குக் கேக்கத்தானே வந்திருக்க? கேளு. உன்னோடதைக் கெடுத்துட்டேன். கொடுத்ததை வச்சுக் காப்பாத்தத் துப்பில்லை எனக்கு. போதுமா?"

"என்னோடதா?" அவன் முகக்கவசத்துக்கு மேல் கண்கள் சிவந்திருந்தன. "அது என்னோடதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீதான் நெஞ்சுல எழுதி மாட்டிக்கிட்டு அலையற. கொடுத்த நாள்லேருந்து என்னை முதலாளி மாதிரி நடத்தற. 'நல்லதுப்பா, உட்காருப்பா.' எனக்குன்னு ஒரு அக்கா இருந்தாளே, வாசல்லயே நிக்க வச்சு கிழிப்பா. அவ எங்க போனான்னே தெரியலை. யாரைப் பார்க்க நான் வரணும்?"

"அதுக்காக வராமலே இருந்துடுவியா? ஒரு போன்? நான் செத்தா ஆபீஸ்லேருந்துதான் உனக்குத் தகவல் வரும்."

"நீ பண்ணியிருக்கலாமே!"

"நான் எப்படிப் பண்ணுவேன்? பண்ணா உனக்கு என்ன ஆச்சோன்னு பதறுவ!"

"பதறினா பதறிட்டுப் போறேன்!"

"கத்தாதே, அம்மா மெஷினை வித்துட்டு வந்தப்பவும் இப்படித்தான் கத்தின!"

"துருப்பிடிச்ச மெஷின்!"

"எண்ணெய் போட்டா ஓடியிருக்கும்!"

நர்ஸ் கதவைத் திறந்து, "இது ஆஸ்பத்திரிங்க. மூணாவது ரூம் வரைக்கும் கேக்குது" என்றாள். இருவரும் வாயை மூடினார்கள். அவன் போய்ச் சுவரோரம் நின்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது. அவன் வாஷ்பேசின் பக்கம் இருந்த பஞ்சை எடுத்து நீட்டினான்.

"எந்தப் பல்லு?" என்றான்.

காட்டினாள்.

"அப்பாவுக்கும் அதே பல்லுதான் போச்சு" என்றான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைசி வண்டி போய்விடும் என்று கிளம்பினான். சொல்லிக்கொள்ளவில்லை.

எண் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. ஒன்று புள்ளி ஐந்தில் நின்றுவிட்டது. "கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கு. இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்றார் டாக்டர். எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டாள். தெரியாத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் தம்பி மனைவி கேட்டபோது உள்ள எண்ணைச் சொன்னாள். "இனிமே உடம்புக்கு ஏதாவதுன்னா எனக்கு முதல்ல சொல்லுங்க அண்ணி. அவருக்குச் சொல்றதும் சொல்லாததும் நான் பார்த்துக்கறேன்" என்றாள். மைக்கம்மாவுக்கு "சரிம்மா" என்றுதான் வாயில் வந்தது.

வேலைக்குத் திரும்பியபோது அறையில் புதிதாக ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. அவள் லீவில் இருந்த நாட்களில், அவள் எப்போதோ பதிவு செய்து கொடுத்த குரலையே துண்டு துண்டாக வெட்டி, ஊர்ப் பெயரையும் நடைமேடை எண்ணையும் ஒட்டி ஓட விட்டிருக்கிறார்கள். நன்றாகவே ஓடியிருக்கிறது. அவள் வராததை யாரும் கவனிக்கவில்லை என்று மேலதிகாரி பெருமையாகச் சொன்னார், பெட்டியைப் பற்றிய பெருமை. வழக்கமான அறிவிப்புகளை இனி அது பார்த்துக்கொள்ளும். தாமதம், வண்டி மாற்றம், காணாமல் போன பை, கூட்டத்தில் கை தவறிய குழந்தை, இவற்றுக்கு மட்டும் அவள். பாதி நாள் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் இருந்தவளுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

"நான் கவனிச்சேன்" என்றார் டைம் கீப்பர், ஓட்டை வழியாகச் சீட்டை நீட்டிக்கொண்டே. "அது எல்லா வண்டியையும் ஒரே மாதிரி கூப்பிடுது. நீங்க நாலாம் நம்பரைச் சொல்லும்போது கொஞ்சம் சலிச்சுக்குவீங்க." அடுத்த வருடம் அவரும் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பிறகு வந்தவர் சீட்டைத் தரப் படியேறுவதில்லை, போனில் அனுப்பிவிடுகிறார்.

இப்போது உடம்பில் எது என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுகிறாள். கொசு கடித்தால்கூடக் கூப்பிடுவீங்க போல என்று அங்கே கேலி செய்கிறார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டாள். தம்பி நினைத்துக்கொண்டால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வந்தால் கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைக் கசக்குகிறான் என்று ஒரு தடவை பெரிய சண்டை. ஒருத்தர் உட்கார ஒரு நாற்காலிதான் வச்சிருக்க, நான் எங்க உட்கார்றது, தலையிலயா என்று கேட்டான். அதற்காகவே இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டாள். அவன் வந்து ரொம்ப நாளாகிறது. துவைத்த துணியை உலர்த்த வீட்டில் வேறு இடமில்லை, அதனால் ஈரத்துணி அந்த நாற்காலி மேல் கிடக்கிறது. எந்த ஞாயிறு என்று முன்னாலேயே சொன்னால் எடுத்து மடித்து வைப்பாள். அவன் சொல்லிக்கொண்டு வருகிறவன் இல்லை.